எர்த் அடிக்கும் வண்டி

மெக்கானிக் சங்கத்தின் ஆண்டு விழாவில் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மைக் வேறு வைப்பார்கள் என்றதும், எழுதித் தருகிறேன், வேறு யாராவது படித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நம் சங்கத்துத் தம்பிகள் கேட்டது ஒரே கேள்விதான். ஆரோவில் பக்கம் பழைய கார்களை வாங்கி ஆசையாக ஓட்டுகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். அந்த வண்டிகள் ரிப்பேருக்கு வருகின்றன. அவற்றில் கோளாறைக் கம்ப்யூட்டரில் காட்டும் ஸ்கேனரைச் சொருக இடமே கிடையாது. அப்படிப்பட்ட வண்டியில் கரண்ட் கோளாறு வந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கழுத்து எலும்பு தேய்ந்து, இனிமேல் குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் வயதுக்கு முன்பே தொழிலை விட்டவன் நான். நேரம் நிறைய இருக்கிறது. அதனால் நடந்ததையே எழுதுகிறேன்.

பத்தாவது முடித்ததும் மரக்காணம் கூட்டு ரோட்டில் தட்சிணாமூர்த்தி அண்ணன் கடையில் சேர்ந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். டைனமோவைக் கழற்றி கார்பன் மாற்றினேன். திட்டு வாங்கினேன். ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை எனக்குப் பிடித்துப் போனதற்கு ஒரு காரணம், டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டால் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை. வண்டிக்காரர் மேலே நின்று பேசிக்கொண்டிருப்பார். நான் கீழே கிடந்தபடி "ம்" என்றால் போதும்.

இந்தக் கரையில் வேலைக்குக் குறைவே இல்லை. உப்பளத்துக் காற்று வண்டியில் எதையும் விடாது. செம்புக் கம்பி பச்சையாகும், பச்சை பொடியாகும், பொடி உதிரும். ஈர உப்பு ஏற்றிய லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போனால் போதும், அது சொட்டிக்கொண்டே போகும் தண்ணீர் நம் வண்டியின் அடிப்பக்கமெல்லாம் தெளித்திருக்கும். வெளியூர்க் கடைகளில் வருடக்கணக்கில் பார்ப்பதை நாங்கள் ஒரு மழைக்காலத்தில் பார்த்துவிடுவோம்.

தட்சிணாமூர்த்தி அண்ணனின் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வண்டி வந்ததும் அவர் பானெட்டைத் திறக்க மாட்டார். வண்டிக்காரரை ஸ்டூலில் உட்காரவைத்து, வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக்கொண்டு, "சொல்லு" என்பார். வந்தவர் முதல் வார்த்தையே "ஷார்ட் ஆவுதுண்ணா" என்றுதான் ஆரம்பிப்பார். நம் ஊரில் பல்பு போனாலும் ஷார்ட், ஒயர் அறுந்தாலும் ஷார்ட், பேட்டரி செத்தாலும் ஷார்ட்.

"ஷார்ட்டுன்னு நாந்தான் சொல்லணும். நீ என்னா நடந்துச்சுன்னு மட்டும் சொல்லு" என்பார் அண்ணன்.

வந்தவர் சொல்லி முடித்ததும், "இன்னொரு வாட்டி சொல்லு" என்பார். இரண்டாவது தடவை சொல்லும்போது முதல் தடவை விட்டுப்போனது ஏதாவது வெளியே வரும். அந்த இடத்தில்தான் அண்ணன் நோண்டுவார். அதற்குப் பிறகு கோளாறு தன் கண் முன்னால் நடக்க வேண்டும் என்பார். பார்க்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட விட மாட்டார். பார்த்த பிறகும் உடனே டூல்ஸ் எடுக்க முடியாது. எரியும் விளக்கு, ஓடும் மோட்டார் என்று ஒவ்வொன்றின் இணைப்பிலும் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடு இருக்கும் இடத்தில் கரண்ட் சிரமப்படுகிறது என்று அர்த்தம். உள்ளங்கையால் தொட்டால் திட்டுவார். உள்ளங்கை எங்களுக்கெல்லாம் காய்த்துப்போயிருந்தது.

ஒரு உப்பு லாரிக்கு ஒரு பக்க ஹெட்லைட் எரியவில்லை. ஒயரின் முனையில் டெஸ்ட் பல்பை வைத்தேன், எரிந்தது. கரண்ட் வருகிறது, அப்படியானால் ஹெட்லைட் பல்புதான் போயிருக்கிறது என்று புதியது போட்டேன். எரியவில்லை. இன்னொன்று போட்டேன். அதுவும் எரியவில்லை. அண்ணன் அதுவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஏம்பா, கடையில இருக்கிற பல்பெல்லாம் போட்டுப் பாத்துடு. ஒண்ணாவது பாவப்பட்டு எரியும்."

நான் டெஸ்ட் பல்பை மறுபடி வைத்துக் காட்டினேன். அது எரிந்தது.

"அது குட்டி பல்புடா. கொஞ்சூண்டு கரண்ட் இருந்தா போதும், எரியும். ஹெட்லைட்டு மூட்ட தூக்கற வேல. சும்மா நிக்கும்போது எல்லாரும் பலசாலிதான். தலையில உப்பு மூட்டய வையி, அப்ப தெரியும் எவன் காலு நடுங்குதுன்னு."

ஒயரை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். உள்ளே கம்பி முழுவதும் பச்சைப் பொடியாகி, ஒரே ஒரு இழைதான் மிச்சம் இருந்தது. டெஸ்ட் பல்புக்கு அந்த இழை போதும். ஹெட்லைட்டுக்குப் போதாது.

எல்லா வேலையும் இப்படி இருந்ததில்லை. கிளியனூரில் ஒரு கல்யாண கார், இடது பக்கம் திரும்பினால் தானாக ஹாரன் அடித்தது. ஸ்டியரிங் கம்பத்துக்குள் ஒயரின் தோல் உரிந்திருந்தது, கால் மணி நேர வேலை. ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள் அந்த கார் ஊர்வலம் முழுக்கத் திருப்பத்துக்குத் திருப்பம் கூவிவிட்டது. "மாப்ளய விட வண்டிக்குத்தாண்டா அவசரம்" என்று பெண்வீட்டு ஆட்கள் சொல்ல, மாப்பிள்ளை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. எல்லாரும் பார்க்கும்போது உட்கார்ந்திருப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

இனி ஷாகுல் பாயின் வண்டிக்கு வருகிறேன். தம்பிகளின் கேள்விக்கு என்னிடம் ஏதாவது பதில் இருந்தால் அதில்தான் இருக்கிறது.

ஷாகுல் பாய் எங்கள் கடைக்குப் பின் தெருவில் இருந்தார். வளைகுடாவில் எண்ணெய்க் குழாய்களுக்கும் டாங்குகளுக்கும் துருப்பிடிக்காத பெயிண்ட் அடிக்கும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மாமனார் வைத்திருந்த பழைய பெட்ரோல் அம்பாசிடர் அவருக்கு வந்தது. அவருடைய மனைவி மெஹருன்னிசா அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. புதன்கிழமையும் சனிக்கிழமையும் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். விடிந்ததும் ஆரம்பிக்கும் முதல் ஷிஃப்டில் அவருக்கு ஒரு மெஷின். நேரத்துக்குப் போகாவிட்டால் காத்திருக்கும் அடுத்த நோயாளிக்கு அதைக் கொடுத்துவிடுவார்கள். பஸ்ஸில் போய்ப் பார்த்தார்கள். ரத்தம் சுத்தம் செய்த பிறகு அந்த அக்காவால் படி ஏற முடியாது, நிற்க முடியாது. வாடகைக் கார் வாரம் இரண்டு தடவை கட்டுப்படியாகவில்லை. ஆகவே அந்த அம்பாசிடர் ஓடினால்தான் டயாலிசிஸ்.

ஐப்பசியில் மழை தொடங்கியதிலிருந்து அந்த வண்டி வழியில் நிற்க ஆரம்பித்தது. புதுச்சேரியில் ஒரு கடையில் பேட்டரியை மாற்றினார்கள். இன்னொரு கடையில் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் காயில், பாயின்ட் எல்லாம் மாற்றினார்கள். நிற்பது நிற்கவில்லை. கடைசியில் எங்களிடம் வந்தார். அண்ணன் ஸ்டூலைக் காட்டினார்.

"சொல்லு பாய்."

"வண்டி நின்னுடுதுண்ணா."

"எப்ப?"

"அது நெனச்சப்ப."

"வண்டி நெனைக்காது பாய். வேகமா போவும்போது நிக்குதா, மெதுவா போவும்போதா?"

பாய் யோசித்தார். "மெதுவா போனா. மாடு குறுக்க வந்தா, கடைத்தெருவுல, ஸ்பீடு பிரேக்கர்ல. நின்னதுக்கப்புறம் சாவிய திருப்புனா டுக்குங்குது. சுத்தமாட்டேங்குது."

"லைட்டு?"

"மங்குது. திடீர்னு நல்லா எரியுது. மறுபடி மங்குது."

"இன்னொரு வாட்டி சொல்லு."

பாய் மறுபடி சொன்னார். முடித்துவிட்டுச் சிரித்தார். "இன்னொண்ணு இருக்குது, சொன்னா நீங்களும் சிரிப்பீங்க. எங்க வூட்ல, வண்டி எர்த் அடிக்குதுங்கிறா."

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தோம். வீட்டில் ஃபிரிட்ஜைத் தொடும்போது சுரீர் என்றால் எர்த் அடிக்குது என்று சொல்வோம். அது வீட்டுக் கரண்ட். காரில் இருப்பது பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. இரண்டு முனையையும் கையால் பிடித்துக்கொண்டு நின்றாலும் ஒன்றும் தெரியாது. அண்ணன்கூடக் கிராம்பை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு புன்னகைத்தார். "வூட்ல எர்த்து அடிக்கிறது வண்டி இல்ல பாய், பொண்டாட்டி" என்றார். பாய் இன்னும் சிரித்தார்.

வண்டி எங்களிடம் இரண்டு நாள் இருந்தது. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். டைனமோ சார்ஜ் கொடுத்தது. பேட்டரி நன்றாக இருந்தது. லைட் எரிந்தது, வைப்பர் ஆடியது. எர்த்தையும் பார்த்தேன். தெரியாதவர்களுக்காக இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் வேலையை முடித்துவிட்டு பேட்டரிக்கே திரும்ப வேண்டும். திரும்பும் வழி வண்டியின் இரும்பு உடம்புதான், அதைத்தான் தொழிலில் எர்த் என்போம். ஆனால் எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் எஞ்சினையும் உடம்பையும் சேர்த்து ஒரு செம்புப் பட்டையை போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். நம் கரையில் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்தப் பட்டைதான். பாயின் வண்டியில் அடியில் படுத்துப் பார்த்தேன். அத்தனை சுத்தமான எர்த் பட்டையை நான் அதுவரை பார்த்ததில்லை. கருப்பு பெயிண்ட் பளபளத்தது. போல்ட் அசையவில்லை. மீட்டரை வைத்தேன், இணைப்பு இருக்கிறது என்று கீச்சென்று கத்தியது. எழுந்து வந்து, எர்த் நல்லா இருக்குதுண்ணா என்று சொன்னேன்.

சனிக்கிழமை வண்டி போய்வந்தது. அன்று மழை இல்லை. அடுத்த புதன்கிழமை நின்றது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். மறுநாள் பாய் கடைக்கு வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்டூலில்கூட உட்காரவில்லை.

"காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குதுண்ணா. படுத்தா மூச்சு முட்டுது. செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கினு இருக்கிறா. சனிக்கிழமயும் விட்டுப்போச்சுன்னா என்னா ஆவும்னு டாக்டரு சொல்லிட்டாரு."

"சனிக்கிழம வேற கார் வெச்சுக்க பாய்" என்றார் அண்ணன்.

"சொல்லி வெச்சிருக்கேன். கல்யாண நாளு, ஒருத்தனும் வர்றேன்னு சொல்லமாட்டேங்கிறான்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "ஏழுமல, இந்த வியாதி நம்ம கடைக்கு வராது. நீ போயி அதுங்கூட உக்காரு."

அந்தப் பயணத்தை நினைத்துப் பார்த்தேன். நோயாளி அக்கா ஒருவர், அவர் வீட்டுக்காரர், மூடிய காருக்குள் ஒன்றரை மணி நேரம். "நான் என்னாண்ணா பேசறது அவங்ககிட்ட?" என்றேன்.

"பேசவா சொன்னேன்? உக்காரத்தான சொன்னேன்."

வெள்ளிக்கிழமை முழுவதும் வண்டியை மறுபடி பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அன்று சாயந்திரமே எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. நாளை இது நின்றால் நிற்கட்டும், நான் பார்க்காமல் நிற்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். டூல்ஸ் பை, டெஸ்ட் பல்பு, வேறு பேட்டரியிலிருந்து லாரிக்குக் கரண்ட் கொடுக்கும் கனமான ஜம்பர் கேபிள் எல்லாம் எடுத்து வைத்தேன்.

சனிக்கிழமை இருட்டோடு கிளம்பினோம். மழை விடாமல் பெய்தது. பாய் ஓட்ட, அக்கா முன் சீட்டில். நான் பின்னால், இரண்டு பேருக்கும் நடுவில் டேஷ்போர்டு தெரியும்படி உட்கார்ந்தேன். அக்கா ஆஸ்பத்திரிப் பையை டேஷ்போர்டின் கீழே இருந்த சோக் குமிழில் மாட்டினார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்ய இழுக்கிற இரும்புக் குமிழ் அது. அதிலிருந்து ஒரு கேபிள் எஞ்சினுக்குப் போகும்.

"தம்பி, டீ குடிச்சீங்களா?" என்றார் திரும்பாமல்.

"ஆச்சுக்கா."

"மெதுவா போங்க. ஏரோப்ளேனா ஓட்றீங்க?" இது பாய்க்கு.

"மெதுவா போனா நின்னுடும் மெஹரு."

"வேகமா போனா நாம நின்னுடுவோம்."

பாய் சிரித்தார். அக்கா பேசும்போது இடையில் மூச்சு வாங்கியது. நான் சார்ஜ் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். லைட், வைப்பர் இரண்டும் ஓட, முள் தாழ்ந்தே கிடந்தது. பேட்டரியிலிருந்து போய்க்கொண்டிருக்கிறதே தவிர, டைனமோவிலிருந்து வரவில்லை. ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது முள் துள்ளி மேலே போயிற்று, ரோடு முழுக்க வெளிச்சம் பளிச்சென்றது. கொஞ்ச தூரத்தில் மறுபடி மங்கியது. அடுத்த பள்ளத்திலும் அப்படியே. எஞ்சின் ஆடும்போது சேர்ந்து, ஆடாதபோது விட்டுப்போகிற ஏதோ ஒன்று. எது என்று தெரியவில்லை. ஆனால் முதல் தடவையாக அது என் கண் முன்னால் நடந்தது.

பெரிய முதலியார்சாவடியில் ஸ்பீடு பிரேக்கருக்காக பாய் வேகத்தைக் குறைத்தார். லைட் மங்கியது, வைப்பர் பாதி வழியில் நின்றது, எஞ்சின் அடங்கிப்போயிற்று.

பாய் சாவியைத் திருப்பினார். டுக். மறுபடி திருப்பினார். எஞ்சின் அரைச் சுற்று முனகி நின்றது. விடாமல் திருப்பிக்கொண்டே இருந்தார். மழைச் சத்தத்தில் அந்த டுக், டுக் மட்டும் கேட்டது. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய, குமிழில் தொங்கிய பையைக் கழற்றினார்.

"ஸ்..." என்று கையை உதறினார். "பாத்தீங்களா, எர்த் அடிக்குது."

"சும்மா இரு மெஹரு. இருக்கிற கஷ்டத்துல நீ வேற."

கிளம்பியபோது சொன்ன ஒரு வார்த்தைக்குப் பிறகு வாயைத் திறக்காத நான் அப்போது கேட்டேன். "எங்கக்கா அடிச்சுது? அந்த எடத்த காட்டுங்க."

அக்கா முதன்முதலாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு சோக் குமிழைக் காட்டினார். "இங்கதான் தம்பி. எப்பவும் இங்கதான்."

"எப்பவுமே அடிக்குதாக்கா?"

"இல்ல. இவரு இப்பிடி சாவிய திருப்பித் திருப்பி அடிப்பாரு பாருங்க, அதுக்கப்புறம் தொட்டாத்தான்."

நான் சீட்டுக்கு மேலே எட்டி, குமிழில் புறங்கையை வைத்தேன். இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. அதற்குப் பின்னால் கேபிளின் பிளாஸ்டிக் இளகி, லேசாகப் புகை வாசனை வந்தது.

அது அடிக்கவில்லை, சுட்டது. திடீரென்று சுட்டால் சுரீர் என்றுதான் இருக்கும், அதற்கு அந்த அக்காவுக்குத் தெரிந்த பெயர் எர்த். ஆனால் சோக் கேபிள் ஒரு வெறும் இரும்புக் கம்பி. அதில் கரண்ட் போக வேலையே இல்லை. அது சுடுகிறது என்றால், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போன அவ்வளவு கரண்டும் திரும்பி வர வழியில்லாமல், எஞ்சினையும் உடம்பையும் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய கேபிள் வழியாக நெருக்கிக்கொண்டு வருகிறது. அப்படியானால் செம்புப் பட்டை வேலை செய்யவில்லை.

"பாய், சாவிய விடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பானெட்டைத் திறந்து, ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் இன்னொரு முனையை எஞ்சினின் இரும்பிலும் கடித்துவைத்தேன். பேட்டரி களைத்துப்போயிருந்தது, தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எதிரே டீக்கடைக் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லாரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாழ்க்கையில் அத்தனை சத்தமாகப் பேசியதில்லை.

"கொஞ்சம் கை குடுங்கண்ணா."

"பாய், இத வித்துட்டு ஒரு மாட்டு வண்டி வாங்கு" என்றது ஒரு குரல். "அதுக்கு புல்லு போட்டா நடக்கும்" என்றது இன்னொன்று.

"டயாலிசிஸ் கேஸுங்கண்ணா. மெஷின் போயிடும்."

எல்லாரும் டீ கிளாஸை வைத்துவிட்டு மழையில் ஓடிவந்தார்கள். வண்டி நகர்ந்தது, பாய் கிளட்ச்சை விட்டார், எஞ்சின் பிடித்துக்கொண்டது. லைட் பகல் மாதிரி எரிந்தது. நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். சார்ஜ் முள் நேராக மேலே நின்றது.

கோட்டக்குப்பம் தாண்டிய பிறகுதான் பாய் கேட்டார். "என்னா தம்பி கோளாறு?"

"எர்த்து, பாய்."

பாய் மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"ஐப்பசியிலருந்து நான் வேற என்னா சொல்லிக்கினு இருந்தேன்?" என்றார் அக்கா.

டயாலிசிஸ் அறை வாசலில் நர்ஸ் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்திருந்தார். பாய் அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, "சீக்கிரம் வாங்கம்மா" என்றார். கதவு மூடியது.

அக்கா உள்ளே இருந்த நேரத்தில், ஆஸ்பத்திரியின் வண்டிக் கொட்டகையில் கார்ட்டன் அட்டையை விரித்து நான் வண்டிக்கு அடியில் படுத்தேன். பாய் குந்தி உட்கார்ந்து பார்த்தார். போல்ட்டைக் கழற்றி, பட்டையை வெளியே எடுத்தேன். வெளியே மட்டுமல்ல, உட்பக்கத்திலும், போல்ட் உட்காரும் இடத்திலும், வண்டியின் உடம்பான சேசிஸ் இரும்பிலும் ஒரே கருப்பு பெயிண்ட்.

"இது யாரு பாய் அடிச்சது?"

"நாந்தான்" என்றார் பாய். முகம் மலர்ந்தது. "மழைக்கு முன்னாடி ஒவ்வொரு போல்ட்டா கழட்டி, துருவ சொரண்டி, பிரைமர் ஒரு கோட்டு, மேல ரெண்டு கோட்டு. அந்தப் பட்டயக்கூட வுடல. தனியா எடுத்து ரெண்டு பக்கமும் அடிச்சு, காயவெச்சு முடுக்குனேன். கல்ஃப்ல ஊசி முன அளவு இரும்பு தெரிஞ்சாலும் இன்ஸ்பெக்டரு ரிஜெக்ட் பண்ணிடுவான்."

பட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு டெஸ்ட் பல்பின் ஒரு ஒயரை பேட்டரியின் ப்ளஸ்ஸில் கொடுத்து, இன்னொன்றின் முனையைச் சேசிஸில் பெயிண்ட் இருந்த இடத்தில் வைத்தேன். எரியவில்லை. கத்தியால் பெயிண்டை ஒரு கீறு கீறி அங்கே வைத்தேன். எரிந்தது. பாய் பெயிண்ட்காரர், அவருக்கு அது போதும்.

உப்புத் தண்ணீர் போகாத இடத்தில் கரண்டும் போகாது. போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் தொட்டுக்கொண்டிருந்தது. என் மீட்டர் கத்துவதற்கு அது போதுமாக இருந்திருக்கிறது. மூட்டை தூக்க அது போதாது.

பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அவள நடுரோட்டுல நிறுத்துனது நாந்தானா?"

மேலே பார்க்காமல் சொன்னேன். "வண்டிய உப்பு தின்னக் கூடாதுன்னுதான பாய் அடிச்சீங்க. அது நிக்கக் கூடாதுன்னுதான அடிச்சீங்க."

நான் எமரி தாளை எடுத்து இரும்பைத் தேய்க்க ஆரம்பித்தேன். பாய் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இங்க துரு புடிக்குமே தம்பி."

"புடிக்கும். முடுக்கினப்புறம் மேல கிரீஸ் தடவிடலாம். மழைக்கு மழை கழட்டிச் சொரண்டி மறுபடி போடணும்."

"குடு இங்க" என்று என் கையிலிருந்து தாளை வாங்கி, பட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவரே தேய்த்தார். எனக்குப் போதும் என்று தோன்றிய பிறகும் தேய்த்தார். செம்பு புதுக் குடம் மாதிரி மின்னியது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்த இன்ஸ்பெக்டர் மாதிரி "பாஸ்" என்று என்னிடம் நீட்டினார். முடுக்கினேன். ஜம்பர் கேபிளை எடுத்துவிட்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். ஒரே சுற்றில் எடுத்தது. லைட், வைப்பர், ஹாரன் எல்லாவற்றையும் போட்டு, சோக் குமிழில் புறங்கையை வைத்தேன். பச்சைத் தண்ணீராக இருந்தது.

தம்பிகளுக்கு இதிலிருந்து நான் சொல்ல நினைப்பது இதுதான். வண்டியில் உட்கார்ந்து போகிறவர் சொல்வதிலிருந்து ஆரம்பியுங்கள். ஓட்டுகிறவர் மட்டுமல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் சொல்லட்டும். அவர் வைக்கும் பெயர் தப்பாக இருக்கலாம். அவர் கை சுட்டது தப்பில்லை. எங்கே, எப்போது என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள்.

மதியத்துக்கு மேல் அக்கா வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது, மூச்சு சீராக இருந்தது. மழை மறுபடி கருக்கிக்கொண்டு வந்தது. பகலானாலும் லைட்டைப் போட்டே ஓட்டச் சொன்னேன். வைப்பரும் ஓடியது. காலாப்பட்டு தாண்டும்போது அக்காவின் தலை மெல்லச் சாய்ந்து கண்ணாடியில் முட்டியது. எழுப்ப வேண்டுமா என்பது போல் நான் முன்னால் நகர்ந்தேன். பாய் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"வண்டியில தூங்கவே மாட்டா" என்றார் ரொம்பத் தாழ்ந்த குரலில். "போறப்பவும் வர்றப்பவும் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கினு இருப்பா. எப்ப நிக்குமோன்னு."

கூனிமேடு கிட்டே ரோட்டை மறித்துக்கொண்டு ஒரு ஆட்டு மந்தை போனது. பாய் பிரேக்கை மெதுவாக மிதித்தார். ஹாரனில் கை வைத்தார். வைத்தவர் எடுத்துவிட்டார். வண்டி நின்றது. லைட் எரிந்தது, வைப்பர் ஆடியது, எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசி ஆடு கடந்து போகும்வரை அக்கா கண் திறக்கவில்லை.